கிளேர் சீமாட்டியின் முத்திரை

கேம்பிரிட்ஜ் நகரில் கிளேர் கல்லூரியின் கேடயச் சின்னத்தை முதன்முதலாக நின்று பார்த்தபோது என் கண்ணில் பட்டது நடுவிலுள்ள உருவங்கள் அல்ல, அவற்றைச் சுற்றி ஓடிய கறுப்பு விளிம்புதான். பொன்னிறத் தளத்தில் இடப்புறம் மூன்று சிவப்புப் பட்டைகள் வீட்டுக் கூரையின் முகடுபோல மடிந்து நிற்கின்றன. வலப்புறம் ஒரு சிவப்புச் சிலுவை. இரண்டையும் அணைத்துச் செல்லும் கறுப்பு விளிம்பில் பொன்னிறத் துளிகள் தெளிக்கப்பட்டிருக்கின்றன. அவை கண்ணீர்த் துளிகள் என்றும், கல்லூரியைத் தாங்கி நிறுத்திய சீமாட்டி 26 வயதுக்குள் மூன்று கணவர்களைப் பறிகொடுத்ததன் அடையாளம் என்றும் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அந்தக் கதையைக் கேட்டு மனமிளகி நகர்ந்துவிடலாம்தான். ஆனால் கேடயக் கலையின் இலக்கணத்தைச் சிறிது அறிந்துகொண்டு அதே சின்னத்தைத் திரும்பிப் பார்த்தால் இன்னொன்று புலப்படும். கணவன் குடும்பச் சின்னத்தையும் மனைவி குடும்பச் சின்னத்தையும் ஒரே கேடயத்தில் இணைக்கும்போது பார்ப்பவரின் இடப்பக்கமே மதிப்புக்குரிய பக்கம். வழக்கமாக அது கணவனுக்குரியது. இங்கே அந்தப் பக்கத்தில் நிற்பவை அவர் பிறந்த கிளேர் குடும்பத்தின் பட்டைகள். முதல் கணவனின் சிலுவை மறுபக்கத்துக்குப் போயிருக்கிறது.

அவர் பெயர் எலிசபெத். தன் உயிலில் தன்னை "எலிசபெத் டி பர்க், கிளேர் சீமாட்டி" என்று குறிப்பிடுகிறார். டி பர்க் என்பது முதல் கணவரின் குடும்பப் பெயர். கிளேர் என்பது தந்தைவழி வந்த நிலத்தின் பெயர். இரண்டாவது, மூன்றாவது கணவர்களின் பெயர்கள் அந்தக் கையெழுத்தில் இல்லை. சின்னத்தையும் இந்தப் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளிலிருந்து, கண்ணீர்த் துளிகளின் கதை இந்தப் பெண்மணியைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது என்ற எண்ணம் எனக்கு வலுத்துக்கொண்டே வந்திருக்கிறது.

எலிசபெத் 1295 செப்டம்பர் 16 அன்று டியூக்ஸ்பரியில் பிறந்தார். தந்தை கில்பர்ட் டி கிளேர், குளோஸ்டர், ஹெர்ட்ஃபோர்டு ஆகிய இரண்டுக்கும் ஏர்ல் என்ற உயர் பட்டம் பெற்ற பிரபு. தலைமுடியின் நிறத்தால் "சிவப்பு ஏர்ல்" என்று பெயர்பெற்றவர். தெற்கு வேல்ஸில் இன்றும் நீர் சூழ நிற்கும் கேர்ஃபிலி கோட்டையை எழுப்பியவர். தாய் ஜோன், மன்னர் முதலாம் எட்வர்டின் மகள். பெற்றோர் சிலுவைப் போருக்குப் போயிருந்தபோது 1272இல் பாலஸ்தீனக் கரையிலுள்ள ஆக்கர் நகரில் பிறந்ததால் ஆக்கர் ஜோன் என்றே வரலாறு அவரை அழைக்கிறது. அண்ணன் கில்பர்ட், அக்காமார் எலனோர், மார்கரெட் ஆகியோருக்குப் பின் பிறந்த கடைக்குட்டி எலிசபெத். அவருக்கு மூன்று மாதம் நிறையுமுன்பே தந்தை இறந்துபோனார்.

தாயைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மகளின் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. விதவையான ஜோனைச் சவோய் நாட்டுக் கோமகனுக்கு மணம்முடித்துக் கொடுக்க மன்னர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது, 1297இல் ஜோன் தன் வீட்டுப் பரிவாரத்தில் இருந்த ரால்ஃப் டி மான்தெர்மர் என்ற சாதாரண வீரனை ரகசியமாக மணந்துகொண்டார். மன்னர் சீறினார், மாப்பிள்ளையைச் சிறையில் அடைத்தார், மகளின் நிலங்களைப் பறித்துக்கொண்டார். பெரிய ஏர்ல் ஒருவர் ஏழைப் பெண்ணை மணப்பது இழுக்கில்லை என்றால், ஒரு சீமாட்டி திறமையுள்ள இளைஞனை உயர்த்திவிடுவது மட்டும் எப்படிப் பழிக்குரியதாகும் என்று ஜோன் தந்தையிடம் வாதாடியதாக ஒரு மடாலயக் குறிப்பாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். சில மாதங்களில் ரால்ஃப் விடுதலையானார். 1307இல் ஜோன் இறந்தபோது எலிசபெத்துக்கு வயது 11. சஃபோக் பகுதியிலுள்ள கிளேர் ஊரின் அகஸ்டீனியத் துறவியர் மடத்தில் தாயை அடக்கம் செய்தார்கள்.

மறு ஆண்டே மகளுக்குத் திருமணம். 1308 செப்டம்பரில் வால்தம் மடாலயத்தில் புதிய மன்னர் இரண்டாம் எட்வர்டின் முன்னிலையில் நடந்தது, நம் வழக்கில் சொன்னால், பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். அயர்லாந்தின் மிகப் பெரிய ஆங்கிலப் பிரபுவான அல்ஸ்டர் ஏர்ல் ரிச்சர்ட் டி பர்க்கின் மகள் மாடை அண்ணன் கில்பர்ட் மணந்தார். அதே ஏர்லின் வாரிசான ஜானை எலிசபெத் மணந்தார். மறு ஆண்டு அவர் கடல் கடந்து அயர்லாந்து போனார். 1312 செப்டம்பரில் வில்லியம் என்ற மகன் பிறந்தான். 1313 ஜூனில் கால்வேயில் ஜான் இறந்துபோனார். 17 வயதில் எலிசபெத் கையில் குழந்தையுடன் நின்றார்.

அங்கேயே இருந்திருந்தால் அவர் பெயர் அயர்லாந்து வரலாற்றின் ஓர் அடிக்குறிப்பாக முடிந்திருக்கக்கூடும். ஆனால் 1314 ஜூன் 24 அன்று ஸ்காட்லாந்தின் பானக்பர்ன் போர்க்களத்தில், 23 வயது அண்ணன் கில்பர்ட் ஸ்காட்டியரின் ஈட்டி வரிசைக்குள் குதிரையைச் செலுத்தி உயிரிழந்தார். எதிரணியில் நின்ற மன்னர் ராபர்ட் புரூஸ் அவருக்கு அந்நியர் அல்லர்: புரூஸின் மனைவியும் கில்பர்ட்டின் மனைவியும் உடன்பிறந்த சகோதரிகள். சகலையின் உடலைப் புரூஸ் பிணைத்தொகை எதுவும் கேட்காமல் மரியாதையுடன் இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். கில்பர்ட்டுக்குப் பிள்ளை இல்லை. விதவை மாட் தான் கருவுற்றிருப்பதாக நெடுநாள் சொல்லிவந்ததால் சொத்துப் பிரிவினை தள்ளிப்போனது. இயற்கை அனுமதிக்கும் காலத்தைத் தாண்டியும் அந்தக் கரு சட்டத்தில் உயிரோடு இருந்தது. கடைசியில் 1317 நவம்பரில் இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து மூன்றிலும் பரவிக் கிடந்த கிளேர் நிலங்கள், ஆண்டுக்குச் சுமார் 6000 பவுன் வருவாய் தருபவை, மூன்று சகோதரிகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டன. மகன் இருந்தால் முழுதும் அவனுக்கு, மகள்கள் மட்டும் இருந்தால் எல்லோருக்கும் சம பங்கு என்பது அந்நாட்டுச் சட்டம்.

கைம்மை என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்க் காதுக்கு இழப்பும் ஒடுக்கமுமே முதலில் நினைவுக்கு வரும். 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நிலவுடைமைச் சட்டத்தில் அதற்கு வேறொரு பக்கமும் இருந்தது. மணமான பெண்ணின் நிலத்தைக் கணவனே ஆண்டான். அவன் பெயரில்லாமல் அவள் வழக்குத் தொடுக்க முடியாது. அவன் சம்மதமில்லாமல் உயில் எழுத முடியாது. கணவன் இறந்த நாளில் அவளுடைய பிறந்த வீட்டுச் சொத்து அவள் கைக்குத் திரும்பியது. அதோடு கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அவள் ஆயுள் முழுவதும் அவளுக்குச் சேர்ந்தது. மணமின்றி வாழ விரும்பும் விதவையை மறுமணத்துக்கு வற்புறுத்தக் கூடாது என்று மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டா சாசனம் சொன்னது. ஆனால் அதே பத்தியிலேயே, மன்னரிடமிருந்து நிலம் பெற்றவள் மன்னர் அனுமதியின்றி மணக்கமாட்டேன் என்று உறுதி தரவேண்டும் என்றும் சொன்னது. ஆக, பெரும் நிலத்துக்குச் சொந்தக்காரியான விதவை ஒரே நேரத்தில் நாட்டிலேயே மிகச் சுதந்திரமான பெண்ணாகவும் மிகவும் வேட்டையாடப்படும் பெண்ணாகவும் இருந்தாள்.

எலிசபெத் வேட்டையாடப்பட்டார். அவரை அயர்லாந்திலிருந்து வரவழைத்துப் பிரிஸ்டல் கோட்டையில் தங்கவைத்தவர் மன்னர் இரண்டாம் எட்வர்ட். அதாவது அவருடைய சொந்தத் தாய்மாமன். யாருக்குக் கொடுப்பது என்று மன்னர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, 1316 பிப்ரவரி 4 அன்று, அயர்லாந்தில் மன்னரின் ஆளுநராக இருந்த தியோபால்டு டி வெர்டன் அவரைக் கோட்டைக்கு வெளியே கவர்ந்துசென்று மணந்துகொண்டார். நாடாளுமன்றத்தில் விளக்கம் கேட்கப்பட்டபோது, அயர்லாந்திலேயே தங்களுக்கு நிச்சயமாகியிருந்தது என்றும், எலிசபெத் தாமாகவே கோட்டையிலிருந்து வெளியே வந்தார் என்றும் அவர் சொன்னார். இது கடத்தலா, தாயைப் போல மகளும் தன் விருப்பத்துக்கு எடுத்த முடிவா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிக்கிறார்கள். தியோபால்டின் வாக்குமூலம் ஏட்டில் இருக்கிறது. எலிசபெத்தை யாரும் கேட்டதாக ஏட்டில் இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான்: அவர் வாழ்வையே மாற்றிய நாளைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் நமக்கு மிஞ்சவில்லை.

ஆறே மாதத்தில், 1316 ஜூலையில், தியோபால்டு இறந்தார். எலிசபெத் கருவுற்றிருந்தார். அரச குடும்பத்திலிருந்து துறவு பூண்ட சித்தி மேரி வாழ்ந்த ஏம்ஸ்பரி மடத்தில் அவர் தஞ்சமடைந்தபோது, மன்னருக்கு மிகவும் வேண்டியவராயிருந்த ரோஜர் டாமோரி என்ற வீரரை மணந்துகொள்ளச் சொல்லி மன்னரின் கடிதங்கள் அங்கேயும் வந்தன. 1317 மார்ச்சில் இசபெல்லா பிறந்தாள். சில வாரங்களுக்குள் எலிசபெத்துக்கும் டாமோரிக்கும் திருமணம் முடிந்திருந்தது. பிரசவப் படுக்கையிலிருந்து எழுந்து மூன்றாவது மணமேடைக்குப் போனபோது அவருக்கு 21 வயது. மறு ஆண்டு இன்னொரு மகள் பிறந்தாள். அவளுக்கும் எலிசபெத் என்றே பெயர்.

அக்காமாரின் நிலையும் மேலானதல்ல. மார்கரெட்டை மன்னரின் உயிர்த்தோழர் பியர்ஸ் கேவஸ்டனுக்குக் கொடுத்தார்கள். 1312இல் பிரபுக்கள் கேவஸ்டனைக் கொன்றபின் ஹியூ ஆட்லி என்ற இன்னொரு அரண்மனை வீரருக்குக் கொடுத்தார்கள். மூத்தவர் எலனோரின் கணவர் இளைய ஹியூ டெஸ்பென்சர். பிரிவினையில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது என்ற குறை இந்த மனிதருக்குத் தீரவே இல்லை. மன்னரின் செல்வாக்கு முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவந்தபின் மைத்துனிகளின் நிலத்தின்மேல் கண் வைத்தார். பொறுக்க முடியாத வேல்ஸ் எல்லைப்புறப் பிரபுக்கள் 1321இல் ஆயுதமேந்தினார்கள், டாமோரியும் ஆட்லியும் அவர்களோடு சேர்ந்தார்கள், கிளர்ச்சி தோற்றது. காயமுற்ற டாமோரி டட்பரியில் பிடிபட்டார். துரோகி என்று மரணதண்டனை விதித்துவிட்டு, மன்னரின் மருமகளை மணந்தவர் என்பதால் அதை நிறைவேற்றாமல் விட்டார்கள்; 1322 மார்ச்சில் அவர் தானாகவே இறந்தார். எலிசபெத்தை அஸ்க் கோட்டையில் பிடித்து, பிள்ளைகளோடு லண்டனுக்கு அருகிலுள்ள பார்க்கிங் கன்னியர் மடத்தில் காவலில் வைத்தார்கள். மார்கரெட்டை செம்ப்ரிங்ஹம் மடத்தில் அடைத்தார்கள். மூன்றாவது சகோதரி அந்த வெற்றியாளரின் மனைவியாக அரண்மனையில் இருந்தார். ஒரே தாயின் பிள்ளைகள்.

அடுத்து நடந்ததைத்தான் இந்த வாழ்க்கையின் மையமென்று நான் நினைக்கிறேன். வேல்ஸில் எலிசபெத்துக்குக் கிடைத்த பங்கில் அஸ்க், கேர்லியன் என்ற வளமான பகுதிகள் இருந்தன. அவற்றைத் தன்னிடம் கொடுத்துவிட்டு, மதிப்பில் மிகக் குறைந்த கவர் பகுதியை வாங்கிக்கொள்ளும்படி டெஸ்பென்சர் வற்புறுத்தினார். காவலில் இருந்தவர் வேறு வழியின்றி ஒப்புக்கொண்டார். 1322 கிறிஸ்துமஸுக்கு யார்க் நகருக்கு வரும்படி மன்னர் அழைத்தார். உறவினரோடு பண்டிகை கொண்டாட வந்தவரை ஆலோசகர்களிடமிருந்தும் பணியாளர்களிடமிருந்தும் பிரித்துத் தனியே வைத்து, உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் முத்திரையிடச் சொன்னார்கள். அவர் மறுத்து, யார்க்கை விட்டுப் புறப்பட்டும் விட்டார். ஆள் அனுப்பித் திருப்பி அழைத்தார்கள். முத்திரையிடாவிட்டால் மன்னரிடமிருந்து பெற்ற ஒரு துண்டு நிலமும் கையில் தங்காது என்று மிரட்டினார்கள். தேன்மெழுகின்மேல் அழுத்திய அந்தச் சிறிய உலோக அச்சுதான் அக்காலத்தில் ஒருவரின் சம்மதம், கையெழுத்தைவிடப் பெரிது. எலிசபெத் முத்திரையிட்டார். இதற்குப் பின்னும் டெஸ்பென்சர் ஓயவில்லை. கவர் பகுதியின் பழைய உரிமையாளரான வில்லியம் டி பிரவோஸ் வழக்காடி அதைத் திரும்பப் பெறவும், பின் அது தன் கைக்கே வந்துசேரவும் வழிசெய்துகொண்டார். எலிசபெத்துக்கு இரண்டும் போயிற்று.

பலர் இங்கே ஓய்ந்திருப்பார்கள். எலிசபெத் 1326 மே மாதம், டெஸ்பென்சர் இன்னும் உச்ச அதிகாரத்தில் இருக்கும்போதே, நடந்தவை அனைத்தையும் ஒன்றுவிடாமல் எழுதவைத்து ரகசியமாகப் பாதுகாத்தார். யார்க்கில் என்ன சொன்னார்கள், எப்படித் தனிமைப்படுத்தினார்கள், எந்த அச்சத்தில் முத்திரையிட்டேன், ஆகவே அந்தச் சம்மதம் சம்மதமே அல்ல என்பது அதன் சாரம். வெளியே தெரிந்தால் எஞ்சிய நிலமும் போகும், உயிருக்கும் உத்தரவாதமில்லை. என்றாவது ஒருநாள் நீதிமன்றம் காது கொடுக்கும் என்ற நம்பிக்கையில் ஆவணம் தயாரித்துப் பூட்டிவைத்தவரை, கண்ணீர் சிந்திய விதவை என்று மட்டும் எப்படி நினைப்பது? அந்த நாள் விரைவிலேயே வந்தது. செப்டம்பரில் மன்னரின் மனைவி அரசி இசபெல்லா, கணவருக்கு எதிராகவே, நெதர்லாந்துப் பகுதியிலிருந்து படையுடன் வந்திறங்கினார். நவம்பர் 24 அன்று ஹெரிஃபோர்டில் டெஸ்பென்சர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். சில வாரங்களில் இரண்டாம் எட்வர்ட் அரியணை இழந்தார். அஸ்க்கும் கேர்லியனும் எலிசபெத்திடம் திரும்பின.

அப்போது அவருக்கு 31 வயது. அழகான இடங்களில் நிலம், ஆண்டுக்கு 2000 பவுனுக்கு மேல் வருவாய், அரியணையில் அமர்ந்த மூன்றாம் எட்வர்டுக்கு அத்தை மகள் என்ற உறவு. மணக்கக் கேட்டு வந்தவர்களுக்குக் குறைவிருந்திருக்காது. அவர் மணக்கவில்லை. 1322இல் தொடங்கிய கைம்மையை 38 ஆண்டுகள் காத்தார். 1343இல் முறைப்படி கற்பு விரதமும் பூண்டார். அதைப் பக்தி என்று மட்டும் எடுத்துக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. திருச்சபையின் முன் ஏற்ற விரதம், எந்த மன்னரும் உடைக்கத் தயங்கும் பூட்டு. பக்தியும் பாதுகாப்பும் ஒரே செயலுக்குள் இருந்திருக்கலாம். அவர் காலத்தில் அவ்விரண்டையும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

கிளேர் ஊருக்கு ஒருமுறை போயிருக்கிறேன். ஸ்டூர் என்ற சிறிய ஆற்றின் ஓரத்தில் பழைய கோட்டையின் மண்மேடு மட்டும் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. சுற்றிச்சுற்றி ஏறும் ஒற்றையடிப் பாதையில் உச்சிக்குப் போனால், உடைந்த சுவர் ஒன்று பல் விழுந்த ஈறுபோல நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கோட்டை முற்றத்தின் ஊடாகவே ரயில் பாதை போட்டார்கள். இப்போது ரயிலும் இல்லை, நிலையக் கட்டடம் மட்டும் இருக்கிறது. எலிசபெத்தின் சமையற்கூடமும் மதுக்கூடமும் பொற்கொல்லர் பட்டறையும் இந்த முற்றத்தில் எங்கோ இருந்தவை. கல்லில் மிஞ்சாதது தோலில் மிஞ்சியிருக்கிறது: ஆட்டுத்தோல்களை ஒன்றோடொன்று தைத்துச் சுருட்டிய அவருடைய வீட்டுக் கணக்குச் சுருள்கள் ஏராளமாக இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக உள்ளன. அக்காலத்து ஆங்கிலப் பிரபு ஒருவரின் இல்லத்தைப் பற்றி இவ்வளவு நெருக்கமாகத் தெரிந்துகொள்ள வேறு இடங்கள் மிகக் குறைவு.

கணக்காண்டு செப்டம்பர் 29, புனித மிக்கேல் திருநாளில் தொடங்கும். லத்தீனில், ரோமன் எண்களில், 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன் என்ற கணக்கில், அன்றன்றைய ரொட்டி, பீர், திராட்சை மது, உப்பிட்ட ஹெர்ரிங் என்ற கடல்மீன், உலர்மீன், குதிரைகளுக்கு ஓட்ஸ் என்று எழுத்தர்கள் பதிந்துகொண்டே போகிறார்கள். வெள்ளிக்கிழமைகளிலும் தவக்காலத்திலும் இறைச்சி மறைந்து மீன் மட்டும் வருவதைக் கணக்கிலேயே பார்க்கலாம். வீட்டுப் பணியாளர்களுக்குத் தகுதிக்கேற்ற துணியும் மென்மயிர்த்தோலும் ஆண்டுதோறும் வழங்கப்பட்டன. கணவர்களின் நினைவு நாள்களில் ஏழைகளுக்கு உணவளித்தார். மூன்றாம் எட்வர்டும் அவர் மகன் கறுப்பு இளவரசரும் அவருடைய விருந்தினர்களாக வந்தார்கள். பெம்புரோக் சீமாட்டி மாரி டி செயின்ட் பால், தாமும் விதவை, தாமும் கேம்பிரிட்ஜில் 1347இல் ஒரு கல்லூரியை நிறுவியவர், நெருங்கிய தோழி. நிலத்துக்குப் பொறுப்பானவர்கள் கொண்டுவந்த கணக்கைத் தணிக்கை செய்ய எலிசபெத்துக்குத் தனிக் குழு இருந்தது. ஆனாலும் கடைசிச் சொல் சீமாட்டியுடையது. யார்க்கில் ஆலோசகர்களிடமிருந்து பிரிக்கப்பட்ட அந்தப் பெண், அதன்பின் தன் ஆலோசகர் குழுவை எவ்வளவு கவனமாகத் தேர்ந்துகொண்டார் என்பதை இந்தச் சுருள்களில் காணும்போது எனக்கு உள்ளூர ஒரு நிறைவு ஏற்படுவதை மறைக்க விரும்பவில்லை.

பிள்ளைகளால் அவருக்குக் கிடைத்த துயரம் கணக்கில் வராதது. மகன் வில்லியம் பாட்டனார் இறந்ததும் அல்ஸ்டர் ஏர்ல் ஆனார். லங்காஸ்டர் குடும்பத்து மாடை மணந்தார். சொந்த உறவினர் வால்டர் டி பர்க்கைச் சிறைப்பிடித்து 1332இல் பட்டினியால் சாகவிட்டார். அதற்குப் பழிவாங்க, 1333 ஜூன் 6 அன்று அவருடைய ஆட்களே அவரைக் கொன்றார்கள். அவருக்கு 20 வயது. மருமகள் ஒரு வயதுகூட நிறையாத பெண் குழந்தையை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குத் தப்பிவந்தார். மகள் இசபெல்லா 1349இல், கறுப்புச் சாவு எனப்பட்ட கொள்ளைநோய் நாட்டில் பாதிப்பேரை வாரிக்கொண்டு போன காலத்தில், தாய்க்கு முன்பே போய்ச்சேர்ந்தார்.

அல்ஸ்டரிலிருந்து தப்பிவந்த குழந்தைக்கும் எலிசபெத் என்றுதான் பெயர். 1342இல், பத்து வயதில், அவளை மன்னரின் மகன் லயனலுக்கு மணம்முடித்தார்கள். பாட்டியின் கிளேர் நிலங்களும் அல்ஸ்டரும் இப்படி அரச குடும்பத்துக்குப் போகும் பாதை திறந்தது. கிளேர் என்ற ஊர்ப் பெயரிலிருந்தே கிளாரன்ஸ் கோமகன் என்ற பட்டம் லயனலுக்காக உருவாக்கப்பட்டது. இந்தப் பேத்தியின் வீட்டுக் கணக்குத் துண்டுகள் சில, பிற்காலத்தில் வேறொரு கையெழுத்துப் பிரதியின் அட்டைக்குள் ஒட்டப்பட்டுத் தற்செயலாகப் பிழைத்தன. 1357இல் வீட்டுப் பணியிலிருந்த ஓர் இளைஞனுக்குக் குட்டை மேற்சட்டையும், கறுப்பும் சிவப்புமான காலுறையும், காலணியும் வாங்கிக்கொடுத்த செலவு 7 ஷில்லிங் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த இளைஞன் பெயர் ஜெஃப்ரி சாசர். ஆங்கிலக் கவிதையின் தந்தை எனப் பிற்காலம் கொண்டாடப்போகும் மனிதனைப் பற்றிய முதல் எழுத்துச் சான்று அந்தக் காலுறைக் கணக்குதான். பேத்தியின் மகள் பிலிப்பா மார்டிமர் குடும்பத்துக்குப் போனார்; அந்த வழியில் வந்த நான்காம் எட்வர்ட் 1461இல் அரியணை ஏறினார்.

கல்லூரிக்கு வருகிறேன். ரிச்சர்ட் டி பேடியூ என்பவர் 1326இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய பல்கலைக்கழக மன்றம் பணமின்றித் தடுமாறியது. எலிசபெத் 1330களின் நடுவில் அதற்கு உதவத் தொடங்கி, லிட்லிங்டன் போன்ற திருச்சபைகளின் வருவாயை எழுதிவைத்து, 1338இல் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அது கிளேர் மன்றமாயிற்று. கணவர்கள் எவரின் பெயரும் அல்ல, தந்தைவழி வந்த நிலத்தின் பெயர். 1359இல் அவர் அளித்த விதிகளின் முன்னுரையில், கொள்ளைநோய் பெருந்தொகையான மனிதரைக் கொண்டுபோய்விட்டதால் நாட்டில் கல்வி இரங்கத்தக்க விதத்தில் குறைந்துவிட்டது என்ற கவலையும், கல்வி என்னும் விலையுயர்ந்த முத்து மரக்காலின் கீழ் மறைந்துகிடக்காமல் அறியாமை இருளில் நடப்போருக்கு ஒளிதர வேண்டும் என்ற எண்ணமும் இடம்பெறுகின்றன. 20 அறிஞர்கள் இருக்கவேண்டும். அவர்களோடு ஏழைச் சிறுவர் 10 பேருக்கு உணவும் இடமும் தந்து, 20 வயது வரை பாட்டும் இலக்கணமும் தர்க்கமும் கற்றுத்தர வேண்டும். கல்லூரிக்கு அவர் தந்த முத்திரையில்தான் கறுப்பு விளிம்பும் துளிகளும் சூழ்ந்த அந்தக் கேடயம் வருகிறது. யார்க்கில் அவர் கையைப் பிடித்து அழுத்தவைத்த முத்திரைக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ 37 ஆண்டுகள்.

1352இல் லண்டனில், ஆல்ட்கேட் வாயிலுக்கு வெளியே பிரான்சிஸ்கன் கன்னியர் மடத்தின் வளாகத்துக்குள் தனக்கொரு வீடு கட்டிக்கொண்டார். மடத்தில் சேரவில்லை, மடத்தின் மதிலுக்குள் தன் சமையற்காரர்களோடும் எழுத்தர்களோடும் சீமாட்டியாகவே வாழ்ந்தார். 1360 நவம்பர் 4 அன்று 65 வயதில் இறந்தபோது அந்த மடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். 16ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அதுவும் போயிற்று, கல்லறையும் போயிற்று. மினரீஸ் என்ற தெருப் பெயர் மட்டும் அங்கே இருக்கிறது. அந்த வழியாக லண்டன் டவர் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அது வெறும் தெருப் பெயர்.

1355 செப்டம்பர் 25 தேதியிட்ட உயில் பிரெஞ்சில் எழுதப்பட்டது. கல்லூரிக்குப் பணமும் வெள்ளிப் பாத்திரங்களும் புத்தகங்களும், மடங்களுக்குப் பட்டு அங்கிகள், மகளுக்கும் பேத்திக்கும் பொருள்கள் என்று நீண்டு செல்லும் அந்த உயிலில், பணியாளர்களுக்கு விட்டுச்செல்லும் பணத்தின் பட்டியல் மிக நீளமானது. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லியே கொடுக்கிறார். ஆன்ம சாந்திப் பூசைகளுக்கென்று 140 பவுன் ஒதுக்கும் வரியில் ஜான் டி பர்க், தியோபால்டு டி வெர்டன், ரோஜர் டாமோரி என்று மூன்று கணவர்களையும் வரிசை மாறாமல் குறிப்பிடுகிறார். கவர்ந்துசென்றவர், மாமன் பார்த்துக் கொடுத்தவர் என்ற வேறுபாடு எதுவும் அந்த வரியில் இல்லை. மூவரும் "என் பிரபுக்கள்". அவர்களுக்குப் பின் தன் ஆன்மாவைச் சொல்கிறார். அதற்கும் பின், அதே பணத்தில், அதே பூசையில், தனக்கு உண்மையாய் உழைத்த நல்ல பணியாளர்கள் எல்லோரின் ஆன்மாவையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்.